சல்மன் பிடிக்கப் புறப்படுவோருக்கு: வாசகர் கேள்வியும் பதிலும்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோரை அழைத்துச் சென்று காட்டும் இடங்களின் பட்டியலில் நயாகராவுக்கு அடுத்தபடியாக மீன்பிடி விடுதிகளும் சேர்ந்துவிட்டன போலும். இம்முறை வந்த கடிதங்களிற் பல சல்மன் பிடிக்கச் செல்லும் பயணத்தைப் பற்றியனவாக இருந்தமையால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனது மகன்மார் இருவரும் ரொறன்ரோவில் வசிக்கிறார்கள். அடுத்த ஆண்டு என்னையும் எனது மைத்துனரையும், வீதியே போகாத ஓரிடத்திலுள்ள மீன்பிடி விடுதிக்கு அழைத்துச் சென்று நாலைந்து நாள் தங்கிச் சல்மன் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். மூத்தவர் அலாஸ்கா என்கிறார். இளையவர் பிரிட்டிஷ் கொலம்பியா என்கிறார். இருவரும் விடுதிகளின் படங்களை அனுப்பியபடி இருக்கிறார்கள். எதைத் தெரிவு செய்வது, எந்த மாதத்தில் போவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: ஐயா, படங்களை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மீன் முடிவானால் வாரம் முடிவாகும். வாரம் முடிவானால் இடம் முடிவாகும். விடுதியைத் தேடுவது அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, நல்ல கட்டிலும் நல்ல சாப்பாடும் உள்ள விடுதியில், மீன் வராத வாரத்திற் போயிருந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பசிபிக் கரையின் வட அமெரிக்கப் பக்கத்தில் ஐந்து வகைச் சல்மன்கள் உள்ளன. சினூக் என்பது உருவிற் பெரியது. அலாஸ்காவில் அதை ராஜா சல்மன் என்பார்கள். 1985 ஆம் ஆண்டில் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட சினூக் ஒன்று 44 கிலோவுக்குச் சற்று மேல் நிறுத்தது. அந்தச் சாதனையை ஒருவரும் இன்னும் முறியடிக்கவில்லை. கோஹோ அளவிற் சிறியதானாலும் துள்ளி விளையாட்டுக் காட்டும். சொக்கை சதை நன்கு சிவந்தது, உண்பதற்கு மிகவும் விரும்பப்படுவது. மற்றைய இரண்டான பிங்க், சம் ஆகியவற்றைத் தேடி இத்தனை தூரம் போக வேண்டியதில்லை. இவை ஒவ்வொன்றும் தத்தம் காலத்திலேயே கரைக்கு வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகோடியிலுள்ள ஹைடா குவாய் தீவுகளில், தெற்கே தங்கள் ஆறுகளை நோக்கிச் செல்லும் சினூக் மீன்கள் யூன் நடுப்பகுதியிலிருந்து யூலை முழுவதும் பெருமளவிற் கடந்து செல்லும். ஓகஸ்ட் பிற்பகுதியிலும் செப்ரெம்பரிலும் கோஹோவின் காலம். அலாஸ்காவின் பிரிஸ்டல் குடாவில் சொக்கையின் உச்சம் யூன் கடைசியிலிருந்து யூலை நடுப்பகுதி வரையான சில வாரங்கள்தாம். அங்கு 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 கோடியே 90 இலட்சம் சொக்கைகள் திரும்பி வந்தன. அதற்கு முன்னர் பதிவான எந்த ஆண்டிலும் அவ்வளவு வந்ததில்லை.

வேறொரு நாட்காட்டியும் உங்கள் வீட்டில் இருக்குமென்று எண்ணுகிறேன். நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் மாமிசம் தொடாத குடும்பமானால், அந்த நாட்களில் மீன் பிடிக்கச் செல்வதைப் பற்றி வீட்டிற் பேசவே முடியாது. கொடியேற்றம் ஆடி அமாவாசையை ஒட்டி வருவதால், சில ஆண்டுகளில் யூலைக் கடைசியிலும் சில ஆண்டுகளில் ஓகஸ்ட் நடுப்பகுதியிலும் திருவிழா தொடங்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மகன்மாருக்குத் திகதி சொல்லுங்கள். யூன் கடைசி வாரம் முதல் யூலை நடுப்பகுதி வரையான காலம் எந்த ஆண்டிலும் திருவிழாவுக்கு முந்தியே அமையும். சினூக்குக்கும் அதுவே நல்ல காலம்.

இனி இடம். உங்களுக்கு நான் சொல்வது ஹைடா குவாய். அலாஸ்காவின் உள்நாட்டு விடுதிகளில் பெரும்பாலும் ஆற்றில் இடுப்பளவு குளிர்நீரில், வழுக்கும் கற்களின் மேல் நின்றுதான் தூண்டில் வீச வேண்டியிருக்கும். மார்பு வரை நீர் புகாத காற்சட்டை அணிந்திருந்தாலும், அறுபதைத் தாண்டிய முழங்கால்களுக்கு அது இலகுவான வேலையன்று. அத்துடன், அந்த ஆறுகளில் கரடியும் மீன் பிடிக்கும். அலாஸ்காவிலுள்ள கட்மாய் தேசியப் பூங்காவில் கரடி நெருங்கினால் மீன்பிடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். தூண்டிலில் மீன் மாட்டியிருந்தாலும் நூலை அறுத்துவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஹைடா குவாயில் படகில் அமர்ந்தபடியே கடலில் மீன் பிடிக்கலாம். மேலும் அலாஸ்கா அமெரிக்காவுக்கு உரியது. கனடிய விசாவுடன் அங்கே நுழைய முடியாது. கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் தோற்றி வேறு விசா பெற வேண்டும். மகன்மார் கனடியக் குடியுரிமை பெறாமல் நிரந்தர வதிவிட உரிமையுடன் மட்டும் இருப்பார்களானால் அவர்களுக்கும் இதே நிலைதான். மூத்தவர் வருந்தக்கூடும், ஆனாலும் இளையவரின் பக்கமே நான் நிற்கிறேன்.

பயண நாட்களை நெருக்கமாக அடுக்க வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் ஐந்து மணித்தியாலப் பறப்பு. அங்கிருந்து மாசெற் போன்ற சிற்றூருக்கு இன்னொரு விமானம். கடைசியில் ஹெலிகொப்டர் அல்லது நீரில் இறங்கும் சிறு விமானம். இந்தக் கடைசிப் பகுதியை மூடுபனி எந்த நாளிலும் மறிக்கலாம். வன்கூவரில் முதல் நாள் இரவு தங்கிவிட்டு அதிகாலையில் புறப்படுங்கள். திரும்பும் வழியிலும் வன்கூவரில் ஓர் இரவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, ரொறன்ரோ விமானத்தை மறுநாளுக்குப் பதிவு செய்யுங்கள். சிறு விமானங்களில் ஒருவரின் பொதிக்கு 11 முதல் 23 கிலோ வரையே இடமிருக்கும்; விடுதிக்கு விடுதி இது வேறுபடும். சில்லுப் பூட்டிய கெட்டியான சூட்கேசை ஏற்றமாட்டார்கள். மடங்கக்கூடிய துணிப் பை வேண்டும். மழையங்கி, றப்பர் சப்பாத்து போன்றவற்றைப் பல விடுதிகள் தாமே கொடுக்கின்றன. அதை முன்கூட்டியே கேட்டறிந்தால் பொதியில் அரைவாசி குறையும். பருத்தி உடுப்பு நனைந்தால் உலராது; உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை ஒன்றுக்கு இரண்டாக அணிய வேண்டும். யூலை மாதத்திலும் அந்தக் கடலின் காற்று, மார்கழி விடியற்காலையிலே கீரிமலைக் கேணியிலிருந்து ஏறிவரும்போது உடம்பில் அடிக்கும் காற்றைவிடக் குளிரானது.

கேள்வி: நான் சிறு வயது முதல் கடலிலேயே வாழ்ந்தவன். அறக்குளா, பாரை, சீலா எல்லாம் தூண்டிலிற் பிடித்திருக்கிறேன். மருமகன் என்னை வன்கூவர்ப் பக்கம் சல்மன் பிடிக்க அழைக்கிறார். வழிகாட்டிக்கென்று நாளொன்றுக்குப் பெருந்தொகை கேட்கிறார்களாம். எனக்கு வழிகாட்டி எதற்கு?
— கடற்றொழிலாளர், குருநகர்

பதில்: தொழில் தெரிந்தவரிடமிருந்து வரும் நியாயமான கேள்வி இது. தூண்டில் பிடிக்கும் கைப்பழக்கத்துக்காக உங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. நீரோட்டத்துக்காகவும் சட்டத்துக்காகவும் அவர் தேவை.

யாழ்ப்பாணக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடுகூட இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வட கரையில் அது ஆறு, ஏழு மீற்றரை எட்டும் நாட்களுண்டு. அவ்வளவு நீர் ஆறு மணித்தியாலத்துக்குள் தீவுகளின் இடுக்குகளால் வந்து போவதால், காலையில் படகு நின்ற இடத்தில் மதியம் பாறை தெரியும். முனைகளைச் சுற்றி ஆற்றைப் போல ஓட்டம் இருக்கும். நீர் மாறுகின்ற அந்தச் சிறு வேளையில்தான் சினூக் நன்றாகக் கடிக்கும். எந்த முனையில் எந்த நீருக்கு மீன் நிற்கும் என்பதை அந்தக் கடலில் பல பருவங்கள் ஓடியவர் மட்டுமே அறிவார். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று; பாசையூரார் ஒருவர் மயிலிட்டிக் கடலுக்குப் போனாலும் முதல் நாள் அங்குள்ளவரைத்தானே கேட்பார்.

முறை உங்களுக்குப் பிடிக்குமென்றே நினைக்கிறேன். நம் சூடை, சாளைக்கு உறவான ஹெரிங் என்ற சிறு மீனை இரையாக எடுத்து, அதன் தலையைச் சரிவாக வெட்டிக் குடலை இழுத்தெடுத்துவிட்டு, உடலில் இரண்டு தூண்டில்களைக் கோப்பார்கள். வெட்டின் சரிவுதான் தொழிலின் நுட்பம். இரையைப் படகோரத்தில் நீருக்குள் விட்டு இழுத்துப் பார்க்கும்போது, அது அகன்ற வட்டமாக மெதுவாக உருண்டால் சினூக்குக்கு உகந்தது. இறுக்கமாக, விரைவாகச் சுழன்றால் கோஹோவுக்கு. அதன் மேலே சுமார் 170 கிராம் ஈயம் கட்டி, நம்மவர் பாகக் கணக்கில் நூலை இறக்குவது போலவே அங்கும் றீலிலிருந்து நூலைக் கையால் இழுத்து எண்ணி இறக்குவார்கள். பத்தரை அடி நீளமான வளைந்து கொடுக்கும் கோலின் நுனி மெல்ல இரண்டு மூன்று தடவை தலையாட்டும். அப்போது நம் வழக்கப்படி வெட்டி இழுத்தால் மீன் போய்விடும். கோல் முழுதாக வளையும் வரை நூலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பின்னர் மீன் ஓடத் தொடங்கும்போது றீலின் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். விரல்களை உடனே எடுத்துவிடுங்கள். விரல்முட்டியை உடைப்பது என்றே அந்த றீலுக்கு அங்கே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை நம் கடற்கரையின் பழக்கம் எதுவும் அங்கே செல்லாது. தூண்டிலின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளை நசுக்கித் தட்டையாக்கிய பிறகே கடலில் சல்மனுக்குத் தூண்டில் போடலாம். ஒவ்வொருவரும் கடல் மீன்பிடி உரிமம் பெற வேண்டும். சல்மனை வைத்துக்கொள்வதானால் அதற்கென முத்திரைக் கட்டணம் வேறு. கனடாவில் வசிக்கும் மருமகனுக்குக் கட்டணம் குறைவு, உங்களுக்கு அதிகம். நாளொன்றுக்கு எந்த வகையில் எத்தனை மீன் எடுக்கலாம், எந்த நீளத்துக்குக் குறைந்ததை விட வேண்டும், எந்தப் பகுதியில் பாறைமீன் பாதுகாப்புக்காகத் தூண்டிலே போடக் கூடாது என்பதையெல்லாம் கனடிய மீன்பிடித் திணைக்களம் பருவத்தின் நடுவிலும் மாற்றும். சில இடங்களில் முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சிறு சதைச் செட்டையைத் தடவிப் பார்க்க வேண்டும். அது வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட மீன், எடுக்கலாம். இருந்தால் இயற்கை மீன், விட்டுவிட வேண்டும். படகில் ஒரு மீன் கூடிவிட்டால் கட்ட வேண்டிய தண்டம், வழிகாட்டியின் கூலியை மிஞ்சிவிடக்கூடும்.

ஆகவே முதல் இரண்டு நாட்களுக்கு வழிகாட்டியை அமர்த்துங்கள். நீரும் முனைகளும் பிடிபட்ட பின்னர், விருந்தினர் தாமே ஓட்டக்கூடிய படகுகளை வைத்திருக்கும் விடுதியானால் மற்ற நாட்களில் நீங்களே ஓட்டலாம். அந்த வசதி உண்டா என்பதைப் பதிவு செய்யுமுன் மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனது கணவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. நான் சைவ உணவு மட்டும் உண்பவள். மகள் எங்கள் இருவரையும் இத்தகைய விடுதிக்கு அழைக்கிறாள். போவது புத்திசாலித்தனமா?
— இல்லத்தரசி, நெல்லியடி

பதில்: போகலாம் அம்மா, ஆனால் வைத்தியரிடம் கேட்ட பிறகு. அந்த இடங்களில் வைத்தியசாலை இல்லை. விடுதியில் முதலுதவி தெரிந்தவர்தான் இருப்பார். ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால் ஹெலிகொப்டரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்; காலநிலை மோசமென்றால் அதுவும் காத்திருக்க வேண்டும். ஆகையால் வைத்தியச் செலவை மட்டுமன்றி, வான்வழியாக நோயாளியை வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்புறுதியே உங்களுக்கு வேண்டும். இருக்கும் நோய்களை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்தால் பின்னர் பணம் தர மறுப்பார்கள். மருந்துகளைத் தேவைக்கு மேலதிகமாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பங்காக்கி, ஒன்றைக் கைப்பையிலும் மற்றதை மகளின் பையிலும் வையுங்கள். மீன் பிடிக்கும் நாள் அதிகாலையில் தொடங்கும். நீரிழிவு உள்ளவர் படகில் உணவு நேரத்தைத் தவறவிடுவது ஆபத்தானது. பணிஸ், பழம், இனிப்பு ஏதேனும் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கட்டும். அலை ஒத்துவராதவராயின் தலைச்சுற்று மாத்திரையைப் படகில் ஏறுமுன்னரே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை.

சைவ உணவைப் பொறுத்தவரை, விடுதிக்குப் பொருட்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையே வந்து சேரும் என்பதால், அங்கே போய் நின்று சொல்வதில் பயனில்லை. பதிவு செய்யும்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மீன் உண்பவரையும் சைவமென்றே கருதும் சமையற்காரர்கள் அங்கே உண்டு. மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் படகில் போக விரும்பாவிட்டால், திமிங்கிலம் பார்த்தல், கரையோர நடை போன்றவற்றுக்கு ஒழுங்கு உண்டா என்றும் கேட்கலாம். இல்லையென்றால் நான்கு நாளும் யன்னலோரம் இருந்து மழையைப் பார்க்க வேண்டி வரும். அதற்காகப் பல ஆயிரம் டொலர் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: சல்மன் ஆற்றுக்குள் வந்தபின் உணவே உண்பதில்லை என்று படித்தேன். அப்படியானால் தூண்டிலை ஏன் கடிக்கிறது?
— மாணவர், திருநெல்வேலி

பதில்: படித்தது சரியே, தம்பி. பசிபிக் சல்மன் தான் பிறந்த ஆற்றின் மணத்தை அறிந்து திரும்பி வந்து, முட்டையிட்டு, இறந்துபோகிறது. ஆற்றுக்குள் நுழைந்ததும் உண்பதை நிறுத்தி, உடம்பிலுள்ள கொழுப்பைக் கொண்டே மேலேறுகிறது. ஆயினும் முகத்துக்கு நேரே ஒன்று வந்தால் எரிச்சலினாலோ பழைய பழக்கத்தினாலோ கடிப்பதுண்டு. கோஹோவும் சினூக்கும் இதில் முன்னிற்கும். கடலிலும் மிதக்கும் நுண்ணுயிர்களையே பெரும்பாலும் உண்ணும் சொக்கை மிகக் குறைவாகவே கடிக்கும். ஆற்றில் நெடுந்தூரம் ஏறிய மீனின் சதை இளகி, நிறமும் சுவையும் கெட்டிருக்கும். உண்ணும் எண்ணமிருந்தால் கடலிலோ ஆற்றுமுகத்திலோ வெள்ளி நிறம் மாறாத மீனைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: செலவு எவ்வளவு வரும்? விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்? குறைந்த செலவில் வேறு வழி உண்டா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: கனடாவுக்கு வருகையாளர் விசாவுக்கு 100 கனடிய டொலரும், கைரேகை மற்றும் படப் பதிவுக்கு 85 டொலரும் கட்டணம். பிள்ளையின் அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதைக் காட்ட ஓய்வூதியம், காணி உறுதி, வங்கிக் கணக்கு போன்றவற்றின் ஆதாரங்களும் வேண்டும். விடுதிக்கு முற்பணம் கட்டிவிட்டு விசாவுக்கு விண்ணப்பிப்போர் பலர். முற்பணம் பெரும்பாலும் திருப்பித் தரப்படாது. விசா கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

விடுதியிற் சில நாட்களுக்கு ஒருவருக்குப் பல ஆயிரம் டொலர் ஆகும். விலையைப் பார்க்குமுன், அதற்குள் எதெது அடங்கும் என்று கேளுங்கள். வன்கூவரிலிருந்து விமானம், வழிகாட்டி, எரிபொருள், உரிமம், மீனை வெட்டி உறையவைத்துப் பொதி செய்வது, வரி ஆகியவை சேர்ந்த விலையா, தனித்தனியா என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. இவற்றுக்கு மேலாக, வழிகாட்டிக்கும் பணியாளருக்கும் அன்பளிப்பாக மொத்த விலையின் பத்து முதல் பதினைந்து வீதம் வரை கொடுப்பது அங்கே வழக்கம். காலநிலையால் ஒரு நாள் வீணானால் என்ன செய்வார்கள், மீன்பிடி திடீரென மூடப்பட்டால் பணம் திரும்புமா என்பவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மூடப்படுவது வெறும் பேச்சல்ல. யூக்கொன் ஆற்றில் சினூக் மிகவும் அருகிவிட்டதால், 2024 இல் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு அதைப் பிடிப்பதை நிறுத்த உடன்பட்டன.

குறைந்த செலவில் வழி உண்டு. அது பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே உண்டு. ஒன்ராறியோ ஏரியிலே இயற்கையாக வாழ்ந்த அத்திலாந்திக் சல்மன் 1898 உடன் அற்றுப்போனது. 1960களின் பிற்பகுதியிலிருந்து அங்கே பசிபிக் சல்மன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று பத்துக் கிலோவை மிஞ்சும் சினூக்கும் பிடிபடுகிறது. ஸ்காபரோவின் பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்தும் போர்ட் கிறெடிற்றிலிருந்தும் வாடகைப் படகுகள் புறப்படுகின்றன. காலையிற் போய் மதியம் வீடு திரும்பலாம். செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும் போர்ட் ஹோப்பில் மீன்கள் ஆற்றில் ஏறுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம், அதற்குக் காசில்லை. பிடித்த மீனை உண்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஏரியின் பெரிய சினூக்குகளில் மாசு சேர்ந்திருப்பதால், எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டுப்பாடு கூடுதல்.

கேள்வி: பிடித்த மீனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முடியுமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: உறையவைத்த மீனைக் கொண்டுவர முயல வேண்டாம். வன்கூவரிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர ஒரு நாளுக்கு மேலாகும். இடையில் விமான நிலையங்களில் பெட்டி எங்கே கிடக்கும் என்பது எவருக்கும் தெரியாது. ரொறன்ரோ வரைக்கும் கொண்டுபோவது இலகு: மீன் படகில் ஏறியவுடன் செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு ஐஸில் வைக்கச் சொல்லுங்கள்; மாலையில் விடுதியில் துண்டாக்கி, காற்று நீக்கிய உறையிலிட்டு உறையவைத்து, வகையும் எண்ணிக்கையும் எழுதிய பெட்டியில் கட்டித் தருவார்கள். அந்தத் துண்டங்களைப் பிள்ளைகளின் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில மாதம் சமைக்கலாம். நெய்ப்பற்று மிகுந்த மீனாகையால் பொரியலை விட, மிளகும் தேசிக்காயும் தடவி ஓவன் அடுப்பில் வாட்டுவது சிறந்தது. ஒடியற் கூழுக்கு மட்டும் அதைப் போட வேண்டாம். நெய் மேலே மிதந்து கூழின் குணமே கெட்டுவிடும்.